ஆலை மொத்தத்துக்கும் ஒரே மூடி

கறுப்புக் காருக்குப் பெயின்ட் அடிப்பதைப் போல வம்பு பிடித்த வேலை கிடையாது என்று பெயிண்டர் சொல்வார். வெள்ளை பொறுத்துக்கொள்ளும். சாம்பல் நிறம் கண்டும் காணாமல் விட்டுவிடும். கறுப்பு இருக்கிறதே, ஒரு தூசி விழுந்தாலும் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். அன்று காலை ஷெட்டின் தார்ப்பாயை விலக்கிவிட்டு, முந்தின நாள் அடித்து முடித்த கறுப்புக் காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். கை பாதி வழியில் நின்றது. இன்னொரு இடத்தில் தடவினார். பிறகு வீட்டுக்குள் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு வந்து தானும் தடவிப் பார்த்தாள். விரல்நுனியைப் பார்த்தாள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தாள். அதன் பிறகு ஆரம்பித்தாள்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கார்களுக்கு சீட் கவர் தைப்பது என் பிழைப்பு. தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருப்பதால் அவர்கள் ஷெட்டும் முற்றமும் எந்நேரமும் என் கண்ணுக்குக் கீழேயே கிடக்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பெயிண்டர் மனைவி பேசுவதை ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. காதைப் பொத்திக்கொண்டாலும் பாதி கேட்கும். தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். அந்தத் தொண்டைக்குப் பயந்து வந்த மரியாதை அது.

ஷெட் என்று நான் சொல்வது மூன்று பக்கம் தகரம் அடித்து, முன்பக்கம் தார்ப்பாய் தொங்கவிட்ட இடம். டிங்கரிங் முடிந்து வரும் காரில் பள்ளம் தெரியாமல் பட்டி பூசுவதும், அது காய்ந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமன்படுத்துவதும், கண்ணாடிகளுக்குக் காகிதம் ஒட்டி மறைப்பதும் அக்காவின் வேலை. தேய்த்துத் தேய்த்து அவள் விரல்களில் ரேகை அழிந்துபோயிருக்கும். ஸ்பிரே கன்னைப் பிடிப்பது மட்டும் பெயிண்டர். தார்ப்பாயை முழுக்க இறக்கினால் பெயின்ட் நெடியில் ஆள் மயங்கி விழுவார். அதனால் எப்போதும் கொஞ்சம் தூக்கிக் கட்டித்தான் அடிப்பார். அந்தக் கொஞ்சத்தின் வழியாகத்தான் நெடி வெளியே போகும், ஆலைத் தூசி உள்ளே வரும்.

அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்ட வெயில் காலம் அது. விடிவதற்கு முன்பே எழுந்து தரையெல்லாம் தண்ணீர் தெளித்தார்கள். திறப்பில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டார்கள். பெயின்ட் காயும்வரை அக்கா தலைக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, யாரோ கடன் கேட்டு வந்துவிடப்போகிறார்கள் என்பது போல வாசலிலேயே காவல் இருந்தாள். எல்லாவற்றையும் தாண்டி அது வந்து விழுந்தது. உலையில் எரிகிற எண்ணெயின் தூசி பசை மாதிரி ஒட்டும். ஈரப் பெயின்டில் விழுந்தால் தேய்த்து எடுக்க வேண்டியதுதான். தேய்த்தால் மறுபடி அடிக்க வேண்டியதுதான். மறுபடி அடித்தால் மறுபடி விழும்.

அன்று மதியம் காரின் சொந்தக்காரர் வந்தார். வாடகைக்குக் கார் விடுகிறவர். அவரிடம் இருப்பதெல்லாம் கறுப்புக் கார்கள். இது ஒன்று சரியாக அமைந்தால் எல்லாக் கார்களையும் இங்கேயே விடுவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை நம்பித்தான் அக்காவும் பெயிண்டரும் ஷெட்டை விற்றுவிட்டு வேறெங்காவது கூலிக்குப் போகலாமா என்ற யோசனையைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். அவர் பானெட்டைத் தடவினார், கதவைத் தடவினார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. உங்கள் கை சுத்தமான கைதான், இடம்தான் சரியில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். பெயிண்டர் மரம் மாதிரி நின்றார். கார் தெரு முனை தாண்டியதும் அக்கா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வாயில என்ன பட்டியா பூசியிருக்கீங்க? ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

என்ன பேசச் சொல்கிறாய், தூசி விழவில்லை என்று சொல்லட்டுமா என்று பெயிண்டர் கேட்டார். அக்கா தட்டை எடுக்க உள்ளே போனாள். சாப்பாட்டு நேரமாகிவிட்டது, மூடி வருகிற நேரம்.

மூடி அவளுடைய தம்பி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாட்டில் ஆலையில் உலை பார்க்கிறவன். பெயரும் தெரு வைத்ததுதான். அது வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அந்த ஆலைக்குப் பல புகைபோக்கிகள். தூரத்தில் ரயில் பாதைப் பக்கம் இருந்தவை உயரமானவை. எங்கள் சுவரை ஒட்டி நின்றது குட்டை. முன்பெல்லாம் எந்தப் புகைபோக்கி எவ்வளவு புகை விடலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரம்பு வைத்திருந்தது. குட்டை அடிக்கடி வரம்பைத் தாண்டும். தெருவில் நான்கு பேர் போய்ச் சத்தம் போடுவோம். ஆலைக்காரர்கள் தண்டம் கட்டிவிட்டு மறுபடி தாண்டுவார்கள். இந்தக் கூத்து வருஷக்கணக்காக நடந்தது. அனுமதியைப் புதுப்பிக்கிற சமயம் வந்தபோது தம்பிக்காரன் ஒரு யோசனையோடு வந்தான். ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனி வரம்பு என்பதை எடுத்துவிட்டு, ஆலை முழுவதற்கும் சேர்த்து ஒரே வரம்பு வைக்கலாமாம். புதிது புதிதாக எத்தனை உலை கட்டினாலும் மொத்தப் புகை அதைத் தாண்டவே கூடாதாம். ஷெட்டில் எங்களையெல்லாம் உட்காரவைத்து அவன் விளக்கினான்.

"இப்ப பானைக்கு ஒரு மூடி வெச்சிருக்கான். எந்த மூடி எப்ப தொறக்குதுன்னு எவன் காவல் காக்கறது? அடுப்பு மொத்தத்துக்கும் சேத்து ஒரே மூடியாப் போட்டுட்டோம்னு வைங்க, அவன் தப்பிக்கவே முடியாது."

எங்களுக்கு அது தேனாக இனித்தது. அன்றிலிருந்து அவன் மூடி. பெயிண்டர் காசு வாங்காமல் பெரிய பேனர் எழுதிக் கொடுத்தார். ஆலை வாசலில் நின்று கத்தியதில் அக்காவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. நிர்வாகம் பேரம்கூடப் பேசாமல் ஒத்துக்கொண்டது. கேட்டதைக் கேட்டவுடனே தூக்கிக் கொடுக்கிற ஆலை உலகத்தில் எங்காவது உண்டா? அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அதன் பிறகு தூரத்துப் பக்கம் இருந்த பழைய உலைகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அந்தப் பக்கப் புகைபோக்கிகள் சும்மா நின்றன. ஆலையின் மொத்தப் புகை குறைந்தது. வரம்புக்கும் அதற்கும் நடுவில் நிறைய இடம் விழுந்தது. அந்த இடத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒரு பெரிய புது உலையைக் கட்டி, அதன் புகையை எங்கள் சுவரோரக் குட்டைப் புகைபோக்கியில் சேர்த்துவிட்டார்கள். தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. மொத்தம் தாண்டவில்லை, அவ்வளவுதான் கணக்கு. எந்தப் பானை எவ்வளவு கொதிக்கலாம் என்று கேட்கிற உரிமையை நாங்களே போராடித் தொலைத்திருந்தோம். எங்கள் தலைக்கு மேல் இருந்த பானையை அவர்கள் கொதிக்கவிட்டார்கள். புது உலைக்குப் பொறுப்பாளராக யாரைப் போட்டார்கள் தெரியுமா? மூடியைத்தான்.

அவன் தினமும் அக்கா வீட்டில்தான் மதியம் சாப்பிடுவான். அம்மா இல்லாமல் போன பிறகு அவனை வளர்த்தது அவள். போதும் என்று அவன் வாயால் சொல்ல மாட்டான், தட்டின் மேல் கையை விரித்து மறைப்பான். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். சின்ன வயதிலிருந்து இருவருக்கும் நடுவே ஓடுகிற விளையாட்டு அது. மாடியிலிருந்து பார்க்கும்போது எனக்கே சில நாள் பொறாமையாக இருக்கும். எனக்கு இன்னொரு கரண்டி வைக்க ஆள் கிடையாது.

அன்று அவள் தட்டை வைத்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. கார் போன கதையைச் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"உன் உலைதானடா அது?"

"என் உலை இல்லக்கா. கம்பெனி உலை. நான் அங்க வேலை பாக்கறேன்."

"ஒரே மூடின்னு சொன்னது கம்பெனியா, நீயா?"

"மொத்தத்துல கம்மியாத்தான் ஆயிருக்கு. அது பொய்யில்ல. வேணும்னா யார்கிட்ட வேணாலும் கேட்டுப் பாரு."

"ஊருக்குக் கம்மி. எனக்கு?"

அவன் கை தட்டில் நின்றது. அடுத்து மாசு ஆபீஸ் கூட்டம் வருகிறது, அனுமதியை நீட்டிப்பதற்கு முன்னால் தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்பார்கள், அங்கே போய்க் குட்டைக்குத் தனி வரம்பு வேண்டும் என்று கேட்கப்போகிறேன் என்றாள் அக்கா. தனி வரம்பு வைத்தால் புது உலையை அணைத்துவிடுவார்கள், நானும் என்னோடு இருப்பவர்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றான் அவன். அப்படியானால் என் ஷெட் போகட்டும் என்கிறாயா என்றாள் அவள். நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்றான் அவன். அந்த இடத்தில் யாராவது ஒருவர் வாயை மூடியிருக்கலாம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனான். பெயிண்டர் அந்தத் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

கூட்டம் ஆலையின் கேன்டீனில் நடந்தது. அதுவே கோணல்தான். எங்கள் புகாரைக் கேட்க வந்த அதிகாரி ஆலையின் நாற்காலியில் உட்கார்ந்து ஆலையின் டீயைக் குடித்தார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, பொறுமையான முகம். ஒரு பக்கம் நாங்கள், இன்னொரு பக்கம் உலைக்காரர்கள். நடுவில் போடப்பட்டிருந்த வரிசையில் ஒருவரும் உட்காரவில்லை. உலைக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையில், அவர்கள் அடுப்பில் நாங்கள் தண்ணீர் ஊற்ற வந்திருப்பது போல ஒரு வெறுப்பு. நாங்களும் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தோம்.

மொத்தப் புகை எந்த மாதத்திலும் வரம்பைத் தாண்டவில்லை என்று அதிகாரி வாசித்தார். ஒரே வரம்பு வேண்டுமென்று கேட்டதும் இந்தத் தெருக்காரர்கள்தான் என்பதை நினைவுபடுத்தினார். கேலியாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார், அதனால்தான் அதிகம் சுட்டது. உலைக்காரர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அக்கா எழுந்து நின்றாள். கேட்டது நாங்கள்தான், கேட்கிறபோது எங்களுக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது என்றாள். பெயின்ட் காய்வதற்குள் என்ன விழுகிறது, ஒரு காரை எத்தனை முறை தேய்த்தோம் என்றெல்லாம் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு அடங்கி ஒலித்து நான் கேட்டதில்லை. குட்டைக்கு மட்டும் பழையபடி தனி வரம்பு வையுங்கள், மற்றதெல்லாம் எப்படியோ இருக்கட்டும் என்று முடித்தாள். அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் மூச்சு வந்தது.

தொழிலாளர் தரப்பில் பேச மூடி எழுந்தான். முதலில் ஒழுங்காகத்தான் பேசினான். மொத்தத்தில் ஊருக்கு நல்லது நடந்திருக்கிறது, ஒரு ஷெட்டுக்காக ஒரு உலையை அணைக்க முடியுமா என்றான். ஒரு ஷெட் என்ற வார்த்தை அக்காவைக் குத்திவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஒரு ஷெட்டா? அந்த ஷெட்டுச் சோறு தின்னுதானடா இவ்வளவு உசரம் வளந்த?"

கேன்டீனே சிரித்தது. அவனுடைய ஆட்களும் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது. எனக்கு அந்த முகம் தெரியும். அவளிடம் அடி வாங்கிக்கொண்டு சின்னப் பையனாக அந்த முற்றத்தில் நின்ற அதே முகம்.

"என் உலைக்குப் பர்மிட் இருக்கு. உன் ஷெட்டுக்கு இருக்கா?"

சிரிப்பு நின்றது. கேட்ட மாத்திரத்திலேயே, அதிகாரியின் முன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. வாய் திறந்தபடி அப்படியே இருந்தது, சொன்னதை அள்ளி உள்ளே போட்டுக்கொள்ள முடிந்திருந்தால் போட்டுக்கொண்டிருப்பான். அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார், எந்த ஷெட் என்று. ஆலை மேனேஜர்தான் கையை நீட்டி, இந்தச் சுவருக்குப் பின்னால்தான் சார் என்று சொன்னார்.

குட்டைக்குத் தனி வரம்பு இல்லாமலே ஆலையின் அனுமதி நீண்ட காலத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அது எதிர்பார்த்ததுதான். அதற்கடுத்த வாரம் அதே அதிகாரி ஓர் ஆளோடு ஷெட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனார், வேண்டாம் என்று பெயிண்டர் சொன்னார். தகரத்தைப் பார்த்தார், தூக்கிக் கட்டிய தார்ப்பாயைப் பார்த்தார். பெயின்ட் நெடியை இப்படித் தெருவில் விடக் கூடாது, மூடிய அறை வேண்டும், வடிகட்டி வைத்த மின்விசிறி வேண்டும், அதன் பிறகு அனுமதிக்கு எழுதிப் போட வேண்டும், அதுவரை ஸ்பிரே அடிக்கக் கூடாது என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. பெயிண்டரின் இருமலை இத்தனை வருஷம் மாடியிலிருந்து கேட்டவன் என்ற முறையில் நானே அதை ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்த மாதிரி அறை கட்ட வேண்டுமானால் இந்த வீட்டையும் மாடியையும் என்னையும் சேர்த்து விற்றாலும் போதாது. உடன் வந்தவன் ஸ்பிரே கன்னுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசரின் சுவிட்சில் கம்பியைச் சுற்றி முத்திரை வைத்தான்.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தபோது குட்டையிலிருந்து வந்த கரித்துகள் ஒன்று அவர் வெள்ளைச் சட்டையின் தோளில் உட்கார்ந்தது. அக்கா கிட்டே போய் விரலால் அதைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப இது?"

"அது வரம்புக்குள்ளதாம்மா இருக்கு" என்றார் அவர். பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

அவர்கள் போன பிறகு அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கத்தவும் இல்லை. வீடு முழுக்க அவள் குரல் இல்லாதது எனக்குத்தான் பயமாக இருந்தது, மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெயிண்டர் ஸ்பிரே கன்னைப் பிரித்து, பெயின்ட் கரைக்கிற தின்னரில் கழுவித் துடைத்து, துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். கூட்டம் நடந்த நாளிலிருந்து மூடி சாப்பிட வரவில்லை. ஆலை வாசலில் ஏதோ கடையில் வாங்கித் தின்கிறான் என்று சொன்னார்கள். மறுநாள் அக்கா புருஷனை அனுப்பி, மதியம் வரச் சொன்னாள்.

அன்று காலையிலேயே அவள் சோறு வடித்து, பானையைக் கொண்டுவந்து ஷெட்டின் நடுவில் வைப்பதைப் பார்த்தேன். மூடி போடவில்லை. தார்ப்பாயை முழுக்க அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக எறிந்தாள். காற்று ஆலைப் பக்கமிருந்து சீராக வந்துகொண்டிருந்தது. பானையை மூட மறந்துவிட்டாள் என்று நினைத்து மாடியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தாள். உன் தையலைப் பார் என்று அதற்கு அர்த்தம். பார்த்தேன்.

மூடி கையைப் பிசைந்துகொண்டு வந்தான். ஒரு ஸ்டூல் போட்டிருந்தாள், உட்கார்ந்தான். கூப்பிட்டுவிட்டாள், இனி திட்டுவாள், திட்டி முடித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் இருந்தது. வரும்போதே பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருப்பான் போல. அனுமதிக்கு எழுதிப் போட நானே அலைகிறேன், எனக்கு ஆபீஸில் ஆள் தெரியும் என்று ஆரம்பித்தான். அவள் தட்டை அவன் மடிக்கு நேரே நீட்டி, பானையிலிருந்து சோற்றை அள்ளி வைத்தாள். அவித்த முட்டை ஒன்றை வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான். வெள்ளைச் சோற்றின் மேல் மிளகைத் தூவியது போலக் கரி கிடந்தது.

பெயிண்டர் உள்ளேயிருந்து வேறு தட்டோடு வந்தார். நீங்கள் உள்ளே போங்கள் என்று அவரைப் பார்க்காமலே சொன்னாள். அவர் போகாமல் கதவோரம் தட்டோடு நின்றார்.

"சாப்புடுடா. ஆறுது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எழுந்து போயிருந்தால், அவளே அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவன் குனிந்து பிசைந்தான், சோறு சாம்பல் நிறமாயிற்று. வாயில் வைத்தான். மென்றான். மாடிவரை அந்தச் சத்தம் கேட்டிருக்க முடியாது, ஆனால் என் பல் கூசியது. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்காமல் அடுத்த வாயை எடுத்தான். அக்கா கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள். அம்மா போன நாளிலிருந்து இன்றுவரை போட்டதையெல்லாம் திரும்ப வாங்கப்போவது போல நின்றாள். நான் அவளை அப்படி வெறுத்ததும் இல்லை, அவள் பக்கம் அப்படி நின்றதும் இல்லை.

தட்டு காலியானது. அவன் தலையைத் தூக்காமல், வலது கையை எடுத்து விரல்களை நன்றாக விரித்து, தட்டின் மேல் வைத்து மறைத்தான்.

அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.